கத்திரி வெயிலில் துண்டுத்துணிப் போர்வை: மடி சுடாமல் தைக்கும் முறை

"இன்னாம்மா, ஊரே வேவுது, நீ போர்வை தச்சினுகீறே?"

போன மே மாதம் மாடியில் வடகம் காயப்போட வந்த கீழ்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்விதான். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டினால் யாரும் அதைச் செய்தியாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஊரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் நம்மிடமே திருப்பித் தருகின்றன. எங்கள் வீடு சத்துவாச்சாரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. சாயங்காலம் ஏழு மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல் ஞாபகம் வரும்.

இருந்தும் நான் போர்வை தைப்பது கோடையில்தான். காரணங்கள் எளியவை. சித்திரையும் வைகாசியும் கல்யாண மாதங்கள், அதனால் டெய்லர் கடைகளில் ஜாக்கெட் வெட்டின துண்டு மூட்டையாகக் கிடக்கும். பழைய புடவை, வேட்டியைத் துவைத்துப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். பிள்ளைகளுக்கு லீவு, நிறம் பிரித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. இப்போது ஆரம்பித்தால் மார்கழிப் பனிக்கு முன் இரண்டு போர்வை முடிந்துவிடும்.

ஆனால் வழக்கமான முறையில் தைத்தால் முடியாது. எட்டு வருஷத்துக்கு முன் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். மேல் துணி முழுவதையும் ஒட்டி முடித்து, உள்ளே பஞ்சு வைத்து, கீழே புடவை வைத்து, மூன்றையும் சேர்த்து மடியில் போட்டுக்கொண்டு கையால் ஓட்டுத் தையல் போட உட்கார்ந்தேன். மே மாதம் பத்தாம் தேதி. ஒரு முழம்கூடத் தைக்கவில்லை, முழங்கால் வரை வியர்வை. மூன்றாம் நாள் அதைச் சுருட்டிப் பரண்மேல் போட்டவள், இரண்டு வருஷம் கழித்துத்தான் இறக்கினேன்.

அதிலிருந்து ஒரே விதி வைத்திருக்கிறேன்: கோடையில் பெரிய துணி மடிக்கு வரக்கூடாது. ஒரு அடிச் சதுரமாக, மேல் துணி, உள் துணி, அடித் துணி மூன்றையும் சேர்த்துத் தைத்து முடித்துவிட வேண்டும். கிட்டத்தட்ட ஒரு கைக்குட்டை அளவு, அவ்வளவுதான். எல்லாச் சதுரமும் முடிந்த பிறகு கடைசி இரண்டு மூன்று நாளில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை அந்த முறையைப் பற்றியது. தையல் மெஷினில் நேராக ஒரு தையல் போடத் தெரிந்தால் போதும்.

குடியாத்தம் பக்கம் இருந்த என் ஆயாவுக்கு மெஷினே கிடையாது. பழம்புடவை நாலைந்தை அடுக்கி, கயிற்றுக் கட்டிலில் விரித்து, கையாலேயே தைத்துவிடும். சித்தூர் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் அதைப் 'பொந்த' என்பார்கள். எங்கள் வீட்டில் வெறும் 'மெத்தை'தான். கையால் தைத்ததற்கு ஒரு மென்மை உண்டு, மெஷினில் அது வராது. ஆனால் ஆயா தைத்தது வேப்பமரத்து நிழலில். நமக்குக் கிடைத்திருப்பது கான்கிரீட் கூரை.

எவ்வளவு பெரிது, எவ்வளவு துணி

முதல் முறை தைப்பவர்கள் முழுப் போர்வைக்குப் போக வேண்டாம். 3 சதுரம் அகலம், 4 சதுரம் நீளம், மொத்தம் 12 சதுரம். முடிந்ததும் ஏறக்குறைய 37க்கு 49 அங்குலம் வரும். குழந்தைக்குக் கீழே விரிக்க, பெரியவர்கள் காலுக்குப் போட, பஸ்ஸில் ஏசிக்கு எடுத்துப்போகச் சரியான அளவு. (ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இதை மேலே போர்த்தாதீர்கள், கீழே இறுக்கமாக விரிப்பதற்கு மட்டும்.) கை பழகினால் 5க்கு 7 என்று 35 சதுரம் தைத்து, ஒருவர் போர்த்திக்கொள்ளும் போர்வையாக்கலாம்.

12 சதுரத்துக்கு வேண்டியது: அடித் துணிக்கு ஒரு பழைய காட்டன் புடவை, உள்ளே வைக்க ஒரு நாலு முழ வேட்டி, மேலே ஒட்ட ஒரு பை நிறையத் துண்டுத்துணி. ஓர வெட்டும் தையலும் போக ஒரு அடி நிற்க, 14 அங்குலமாக வெட்ட வேண்டும். ஐந்தரை மீட்டர் புடவையில் அப்படி 45 சதுரம் வரை வெட்டலாம். நமக்கு 12 போதும், மிச்சத்தில் பட்டியும் ஓரமும் வந்துவிடும். நாலு முழ வேட்டியில் 15 சதுரம் கிடைக்கும்.

உள்ளே பஞ்சு வைக்கலாமா என்று கேட்பார்கள். நம் ஊருக்கு வேண்டாம். கடையில் விற்கும் வெள்ளை ஷீட் பெரும்பாலும் பாலியஸ்டர். தைக்கும்போதும் சூடு, போர்த்தினாலும் சூடு. பழைய வேட்டி மெல்லிசு, வியர்வையை இழுக்கும், சீக்கிரம் காயும். கனம் வேண்டுமென்றால் வேட்டியை இரண்டு மடிப்பாக வையுங்கள்.

எந்தத் துண்டு ஆகும், எது ஆகாது

காட்டன் மட்டும். ஜாக்கெட் துண்டு, லைனிங் துணி, நைட்டி, கைலி, பழைய சட்டை, தலையணை உறை எல்லாம் ஆகும். குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கைலித் துணியில் கட்டம் ஏற்கனவே நேராக இருப்பதால், வெட்டுவதற்குக் கோடே போட வேண்டியதில்லை.

ஆரணிப் பட்டுத் துண்டு அழகாக இருக்கும், கை பரபரக்கும். ஆனால் பட்டும் காட்டனும் ஒரே துவையலில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, ஜரிகை உடம்பில் குத்தும். அதை ஒரு சுருக்குப்பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பனியன் துணி இழுபடும். ஜார்ஜெட் வழுக்கும். ஸ்கூல் யூனிஃபாரம் துணி பெரும்பாலும் கலப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் தோல் துண்டு வேண்டுமா என்று அன்பாகக் கேட்பார்கள், அதையும் அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

காட்டனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, கறுப்பாக மணி மாதிரி கெட்டியாகும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும்.

அடித் துணிக்கு எடுக்கும் புடவை நைந்து போயிருக்கக்கூடாது. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, துணியை இருபுறமும் இழுத்துப் பாருங்கள். 'சர்' என்று விட்டுக்கொடுத்தால் அதை உள்ளே வைக்கப் பயன்படுத்துங்கள், அடியில் போடாதீர்கள். புடவையில் உடலைவிட, இடுப்பில் முதலில் செருகும் உள்முனைப் பக்கம்தான் கெட்டியாக இருக்கும். கொசுவம் தரையில் உரசும் கீழ் ஓரத்தை ஒரு சாண் விட்டுவிடுங்கள்.

துவைப்பு: இதைத் தவிர்க்கவே கூடாது

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்னவர் போர்வை தைத்திருப்பாரோ என்னவோ. புதுத் துணி, பழைய துணி எல்லாவற்றையும் தைப்பதற்கு முன் ஒரு முறை துவைத்தாக வேண்டும். புதுக் காட்டன் சுருங்கும், அதிலும் காடா துணி நன்றாகவே சுருங்கும். பழைய வேட்டி ஏற்கனவே சுருங்கி முடித்தது. இரண்டையும் துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் துவையலிலேயே ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது. போர்வை அப்பளம் பொரித்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது சாயம். என்னுடைய முதல் போர்வை பரணிலிருந்து இறங்கிய பிறகும் தப்பிக்கவில்லை. அதில் ஒரு சிவப்புக் கைலித் துண்டு இருந்தது. முதல் முறை நனைத்ததும் வெள்ளைச் சட்டைத் துண்டு அத்தனையும் ரோஸ்மில்க் நிறம். அன்றிலிருந்து சிவப்பு, கருநீலம், கறுப்பு, மெரூன் எதுவாக இருந்தாலும் தனித்தனியாகச் சோதிக்கிறேன். துண்டை நனைத்து, ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து, அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் இன்னும் இரண்டு முறை துவைத்து மறுபடி சோதியுங்கள். மூன்றாம் முறையும் ஏறினால் அந்தத் துண்டு கரித்துணிக்கு. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். நான் செய்து பார்த்ததில் நிற்க வேண்டிய சாயம் நின்றது, போக வேண்டியது போய்க்கொண்டேதான் இருந்தது.

சின்னத் துண்டுகளை வெறுமனே மெஷினில் போட்டால் நூல் நூலாகப் பிரிந்து சிக்கிக்கொள்ளும். பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி அலசுங்கள். காயவைக்கும்போது உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போடுங்கள். நம் ஊர் வெயில் ஒரு வாரத்தில் நிறத்தை வெளுக்க வைத்துவிடும். காய்ந்ததும் உடனே எடுத்துவிடுங்கள்.

சாமான்

நல்ல கத்தரி ஒன்று, துணிக்கு மட்டும். வீட்டில் யாரும் அதில் பால் பாக்கெட் வெட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம். இன்ச் டேப், டெய்லர் சாக், குண்டூசி 20, காட்டன் நூல், 16ஆம் நம்பர் ஊசி இரண்டு. அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு அட்டைச் சதுரம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று 14 அங்குலம், இன்னொன்று 13. இவைதான் அச்சு. மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குண்டூசி ஏன் இருபது என்று எண்ணிச் சொல்கிறேன் என்றால், வேலை முடிந்ததும் இருபதும் திரும்ப டப்பாவுக்கு வர வேண்டும். குழந்தை படுக்கப்போகிற துணி. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று இருந்தால் தரையில் தடவிக் கூட்டிவிடலாம்.

நூல், ஊசி வாங்க லாங் பஜாருக்குப் போவதானால் கடை திறந்தவுடன் போய்விட்டு வாருங்கள். பதினொரு மணிக்கு மேல் அங்கே நூல் நிறம் பொருத்திப் பார்க்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை.

எப்போது, எங்கே உட்காருவது

காலை ஐந்தரையிலிருந்து எட்டரை. அக்கினி நட்சத்திரம் நடக்கும் நாட்களில், அதாவது மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை, இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மூன்று மணி நேரத்தில் புதியவர்களும் இரண்டு சதுரம் முடிக்கலாம். மூன்று என்று இழுத்தால் மூன்றாவதைப் பிரிக்க வேண்டி வரும். மாடி வீட்டுக்காரர்களுக்குச் சாயங்காலம் சரிப்படாது, கூரை அப்போதுதான் சூட்டை இறக்கும். கீழ்வீடாக இருந்தால் ராத்திரி எட்டுக்கு மேல் பரவாயில்லை.

ஃபேன்தான் பெரிய தொல்லை. மேலே ஃபேன் ஓடினால் துண்டுகள் அறை முழுக்கப் பறக்கும், நிறுத்தினால் நாம் வேகிறோம். டேபிள் ஃபேனைத் தரையில், காலுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். காற்று முழங்காலுக்குக் கீழே ஓடும், மேஜைமேல் துண்டு அசையாது. வரிசைப்படுத்தி வைத்த துண்டுகளின் மேல் குக்கர் மூடியைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஜன்னலில் ஈரத் துண்டு தொங்கவிட்டால் அறை குளிரும். அது நூலுக்கும் நல்லது. பருத்தி நூலுக்கு ஈரப்பதம் இருந்தால் பலம் கூடும், ரொம்பக் காய்ந்த காற்றில் சட்டென்று அறும். குழித்தறியில் தரைக் குழியின் குளுமையைப் பற்றி நெசவாளர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே மே மாதத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெஷினைத் திட்டாதீர்கள். முதலில் நூல் கோத்த வழி சரியா என்று பாருங்கள், அப்புறம் ஊசி நேராக மாட்டியிருக்கிறதா, டென்ஷன் அதிகமா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அறுந்தால் நூல்கண்டை முந்தின ராத்திரி தண்ணீர்ப் பானை பக்கத்தில் வைத்துவிட்டுப் படுங்கள்.

கை வியர்த்தால் ஊசி வழுக்கும், வெளிர் துணியில் கறை விழும், குண்டூசி துருப்பிடிக்கும். தோளில் ஒரு துண்டு கிடக்கட்டும். நுங்கு, மாம்பழம் சாப்பிட்ட கையோடு துணியைத் தொடாதீர்கள். மாம்பழக் கறை போர்வையின் ஆயுள் முழுக்க இருக்கும். மோர் குடிக்கலாம், சிந்தினாலும் போய்விடும்.

இஸ்திரிப் பெட்டி இன்னொரு அடுப்பு. துவைத்த துணி எல்லாவற்றையும் ஒரே நாள் விடியற்காலையில் தேய்த்து முடித்துவிடுங்கள். தைக்கும்போது ஒவ்வொரு தையலையும் தேய்த்துப் படிய வைக்க வேண்டும் என்று தையல் வகுப்பில் சொல்லித்தருவார்கள். சரிதான், மார்கழியில் செய்துகொள்ளலாம். கோடையில் நகம் போதும். தையல் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்தி ஒரு இழு இழுத்தால் காட்டன் படிந்துவிடும்.

கரண்ட் போனால்? கால் மெஷின் இருந்தால் கவலை இல்லை. மோட்டார் வைத்த மெஷின் என்றால் கரண்ட் போகும் நேரத்தைத் துண்டு வெட்ட வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் அரை மணி நிறுத்திவையுங்கள்.

ஒரு சதுரம் தைப்பது

முக்கியமான வேலை இதுதான், மெதுவாகப் படியுங்கள்.

முதல் நாள் வெட்டும் வேலை மட்டும். புடவையில் 12, வேட்டியில் 12, எல்லாம் 14 அங்குல அச்சு வைத்து. பழைய காட்டனைக் கத்தரியால் வெட்டுவதைவிட, ஓரத்தில் சின்ன வெட்டுப் போட்டுக் கையால் கிழித்தால் நூல் பிடித்து நேராகக் கிழியும், வேகமும் கூட. துண்டுத்துணிகளைப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அகலம் ஒன்றரை அங்குலத்திலிருந்து மூன்று வரை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லாம் ஒரே அகலமாக இருந்தால் பார்க்க நன்றாகவும் இருக்காது. நீளம் 14 அங்குலம். துண்டு சின்னதாக இருந்தால் இரண்டை ஒட்டி நீளமாக்கிக்கொள்ளலாம். பாவு வாக்கில் வெட்டினால் பட்டை இழுபடாது, ஊடை வாக்கில் கொஞ்சம் இழுபடும். கிராஸாக வெட்டின ஜாக்கெட் துண்டு ரொம்பவே இழுபடும், புதியவர்கள் அதை ஒதுக்கிவையுங்கள்.

இப்போது அடித் துணிச் சதுரம் ஒன்றை எடுத்து, நல்ல பக்கம் கீழே போகும்படி மேஜைமேல் வையுங்கள். அதன்மேல் வேட்டிச் சதுரம். கையால் நீவிச் சுருக்கம் எடுங்கள். அதன் நடுவில் முதல் பட்டை, நல்ல பக்கம் மேலே பார்க்க. இரண்டு முனையிலும் ஒவ்வொரு குண்டூசி.

இரண்டாவது பட்டையை முதல் பட்டையின் மேல் கவிழ்த்து வையுங்கள், நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முத்தமிடும்படி. வலது ஓரங்கள் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். அந்த ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி, மேலிருந்து கீழ் வரை ஒரு நேர்த் தையல். மெஷின் ஃபுட்டின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு ஒட்டி ஓட்டினால் கால் அங்குலம் தானாக வந்துவிடும், அளக்க வேண்டாம். அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்துத் தையல் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தையல் இரண்டு பட்டை, வேட்டி, அடித் துணி நாலையும் சேர்த்துப் பிடிக்கும். ஒட்டுவதும் மெத்தையாக்குவதும் ஒரே தையலில் முடிகிறது. இந்த முறையின் வசதியே அதுதான்.

தைத்ததும் இரண்டாவது பட்டையை வலது பக்கம் திருப்பி விரித்து, நகத்தால் நீவுங்கள். அதன் வலது ஓரத்தில் மூன்றாவது பட்டை, அதே மாதிரி கவிழ்த்து, தைத்து, திருப்பி, நீவி. வலது பக்கம் முடியும் வரை போங்கள். பிறகு சதுரத்தைக் கவிழ்க்காமல், அரைச்சுற்றுச் சுற்றிவைத்துக்கொண்டு இன்னொரு பக்கமும் அப்படியே. ஒரு சதுரத்துக்கு எட்டு ஒன்பது பட்டை பிடிக்கும்.

புதியவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பட்டையைத் திருப்பியபின் முழுசாக விரிக்காமல் அடுத்ததைத் தைத்துவிடுவது. அங்கே ஒரு மடிப்பு உள்ளே சிக்கிக்கொண்டு, துவைக்கும்போதெல்லாம் கடைவாயில் மாட்டிய பாக்கு மாதிரி உறுத்தும். இரண்டு, அடித் துணி பின்னால் சுருங்குவது. ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் சதுரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சுருங்கியிருந்தால் அந்த ஒரு தையலை மட்டும் உடனே பிரியுங்கள். நாலு பட்டை தாண்டிப் பார்த்தால் பிரிக்க மனசு வராது, எனக்கு வந்ததில்லை.

பாபினில் அடித் துணியின் நிறத்தில் நூல் போட்டால் பின்பக்கத் தையல் கோணலாக இருந்தாலும் கண்ணில் படாது.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு வெளிர்ப் பட்டையாவது இருக்கட்டும். கல்யாண ஜாக்கெட் துண்டுகள் எல்லாமே அடர்ந்த நிறம். அவற்றை மட்டும் வைத்துத் தைத்தால் போர்வை இருட்டாகிவிடும். பழைய வெள்ளைச் சட்டை அங்கே கைகொடுக்கும்.

பட்டைகள் எல்லாம் தைத்த பிறகு 13 அங்குல அச்சை மேலே வைத்து, சாக்கால் கோடு போட்டு, நாலு பக்கமும் வெட்டிவிடுங்கள். ஓரத்தைச் சுற்றி, கால் அங்குலம் உள்ளே, ஒரு தையல் ஓட்டிவிட்டால் பட்டை முனைகள் பிசிறாது. ஒரு சதுரம் முடிந்தது. நாளைக்கு இரண்டு, நாளை மறுநாள் இரண்டு. ஆறு நாளில் பன்னிரண்டு.

சதுரங்களைச் சேர்ப்பது

தரையில் ஒரு அடி டைல்ஸ் இருந்தால் வேலை பாதி குறையும். ஒரு டைலுக்கு ஒரு சதுரம் என்று பரப்பிப் பாருங்கள். ஒரு சதுரத்தில் பட்டைகள் நெடுக்காகவும், பக்கத்துச் சதுரத்தில் குறுக்காகவும் வருகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தால் கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி தெரியும். இதில் இன்னொரு லாபம், பக்கத்துப் பக்கத்துத் தையல்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. பிடித்த வரிசை அமைந்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபேனைப் போடுங்கள்.

வரிசைக்கு மூன்று சதுரம். இரண்டை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர்த்து வைத்து, இந்த முறை அரை அங்குலம் உள்ளே தையல். பின்பக்கம் திருப்பி, தையல் ஓரங்களை இரண்டு பக்கமும் பிரித்துப் படிய வையுங்கள். இங்கே நகம் போதாது, ஆறு அடுக்குத் துணி. இஸ்திரி வேண்டும். அதன்மேல் பட்டி வரும். புடவை மிச்சத்தில் 2 அங்குல அகலத்தில் கிழித்த துணியை, இரண்டு ஓரமும் கால் அங்குலம் உள்ளே மடித்தால் ஒன்றரை அங்குலம் ஆகும். பிரித்த ஓரங்களை அது முழுசாக மூடும். இரண்டு பக்கமும் தையல் போட்டுவிடுங்கள். மேல் பக்கம் இணைப்பின் இரு மருங்கிலும் இரண்டு கோடு தெரியும், அழகாகவே இருக்கும். பன்னிரண்டு சதுரத்துக்கு இந்தப் பட்டி மொத்தம் ஐந்தரை மீட்டர் வேண்டும், ஒரே நீளமாக இருக்க வேண்டியதில்லை.

நாலு வரிசையும் தயாரானதும் முதல் இரண்டைச் சேருங்கள், கடைசி இரண்டைச் சேருங்கள். நடுவில் வரும் இணைப்பைக் கடைசிக்கு வையுங்கள். அந்த ஒரு தையலுக்குத்தான் முழுப் போர்வையும் மெஷினுக்கு வரும். அப்போதும் மடியில் விழ விடாதீர்கள். மெஷினுக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூலோ இஸ்திரி மேஜையோ போட்டு, கனத்தை அதன்மேல் ஏற்றிவிடுங்கள். துணி கீழே தொங்கினால் ஊசியை இழுத்து உடைக்கும்.

தடித்த இடத்தில் மெஷின் முக்கினால் பெடலை மிதித்து மிரட்ட வேண்டாம். கையால் சக்கரத்தைச் சுற்றி அந்த நாலு தையலைக் கடந்துவிடுங்கள்.

ஓரம்

ஓரத்துக்கு இரண்டரை அங்குல அகலப் பட்டி, மொத்தம் 185 அங்குல நீளம். நீளவாக்கில் பாதியாக மடித்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். பிசிறுள்ள ஓரம் போர்வையின் ஓரத்தோடு ஒட்ட, பின்பக்கத்தில் வைத்து, கால் அங்குலம் உள்ளே தையுங்கள். முன்பக்கம் திருப்பி, அந்தத் தையலை மூடுகிற மாதிரி இழுத்து, மேலே இன்னொரு தையல். நீள ஓரம் இரண்டையும் முதலில் முடியுங்கள். அகல ஓரத்துக்கு வரும்போது பட்டியை இருபுறமும் அரை அங்குலம் நீட்டி விட்டு, முனையை உள்ளே மடித்துத் தைத்தால் மூலை மூடிக்கொள்ளும். மூலையைச் சாய்வாக மடிக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. இரண்டாவது போர்வையில் பார்த்துக்கொள்ளலாம்.

முடித்த பிறகு

எல்லா இடத்திலும் தொங்கும் நூலை வெட்டுங்கள். குண்டூசியை எண்ணுங்கள். பத்தொன்பது இருந்தால் இருபதாவது கிடைக்கும் வரை போர்வையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பச்சைத் தண்ணீரில், கொஞ்சமாகச் சோப்புத்தூள் போட்டு ஒரு அலசல். முறுக்கிப் பிழிய வேண்டாம், அழுத்திப் பிழியுங்கள். மொட்டை மாடியில் இரண்டு கொடிக்கு நடுவே, பின்பக்கம் சூரியனைப் பார்க்கப் போட்டால் மே மாதத்தில் ஒரு மணி நேரம் தாராளம். காய்ந்ததும் துணி லேசாகச் சுருங்கி, தையல் எல்லாம் உள்ளே இறங்கி, மெத்தென்று இருக்கும். கடையில் வாங்கும் போர்வைக்கு அந்தச் சுருக்கம் வராது.

மார்கழி வரை எடுத்து வைப்பதானால் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்த்துக் கரும்புள்ளி விழும். பழைய காட்டன் தலையணை உறையில் போட்டு, காய்ந்த வேப்பிலை ஒரு கை வைத்துக் கட்டுங்கள். மாதம் ஒரு தரம் மடிப்பை மாற்றி மடித்துவையுங்கள்.

என்னுடையது மார்கழி வரை தங்கவில்லை. வடகம் எடுக்க வந்த கீழ்வீட்டு அக்கா கொடியில் கிடந்ததைத் தடவிப் பார்த்தார். "என் பேரனுக்கு ஒண்ணு குடேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஒரு கட்டைப்பை நிறைய பழைய புடவையோடு அவரே மேலே ஏறி வந்தார். மேலாக இருந்தது சிவப்பு. நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டினேன்.

"அடப் போ, ஓடுது" என்றார்.

அதைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தோம்.